கேமை நிறுத்த மாத்திரை இருக்காம்மா?

இரவு ஒன்பதே முக்கால் இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்து, "ஒரே ஒரு மாத்திரைதாம்மா" என்றார். எப்போதாவது வந்து மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிப் போகிறவர்தான். லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். கோடு போட்ட நோட்டில் கிழித்தது. பேனாவால் அழுத்தி அழுத்தித் தமிழில் 'புப்ரோபியான் 150' என்று எழுதியிருந்தது.

"யாருக்குண்ணே?"

"பையனுக்கும்மா. பத்தாவது படிக்கிறான். ராத்திரி பூரா கேம். ஃபோனைப் புடுங்கினா சோத்துத் தட்டைத் தூக்கி எறியறான். கொரியாவுல இந்த மாத்திரையைக் குடுத்துத்தான் நிறுத்துறாங்கன்னு யூடியூப்ல ஒரு டாக்டர் சொன்னாரு." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பால்ல கலந்து குடுக்கலாமில்ல?" என்றார்.

மருந்துக்கடையில் இருபது வருஷம் நின்றவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி புதிதில்லை. குடிக்கும் கணவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க மாத்திரை கேட்டு எத்தனையோ பெண்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும். விஷயம் தெரிந்து, டாக்டர் கண்காணிப்பில், 'நான் குடிக்க மாட்டேன்' என்ற முடிவோடு எடுக்கிறவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் சாப்பிட்டுவிட்டுக் குவார்ட்டர் அடிப்பவருக்கு உயிரே போகலாம். ஒவ்வொரு முறையும் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அவரை உள்ளே வரச் சொல்லி ஸ்டூலைப் போட்டேன். பையனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு வயசுல காய்ச்சல்ல ஒரு தடவை வெட்டி வெட்டி இழுத்துச்சு" என்றார். புப்ரோபியான் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து, ஆனால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறும். இப்படி ஒரு பழைய கதை இருந்தால் அதைக் கேட்டு, எடைபோட்டு எழுத வேண்டியவர் ஒரு டாக்டர். நோட்டுத் தாளை வைத்துக்கொண்டு நான் அட்டையை வெட்டிக் கொடுக்க முடியாது. அதை அவரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. காகிதத்தை மறுபடி மடித்துக்கொண்டே, "அப்ப இது வியாதி இல்லையாம்மா? வெறும் திமிருதானா?" என்றார்.

அந்தக் கேள்விதான் இத்தனை நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். வியாதி என்றால் மாத்திரை. திமிர் என்றால் பெல்ட். நடுவில் எதுவும் இருக்க முடியும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

வியாதிதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அதன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் கேமிங் கோளாறு இருக்கிறது. 2019 மே மாதம் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்டன, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு நேரம் விளையாடினால் நோய் என்று அதில் ஒரு கணக்கும் கிடையாது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தாலும் நிறுத்த முடியவில்லையா, சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளிவிட்டதா, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்கிறதா, வாழ்க்கையே தடம் புரளும் அளவுக்கு இது சுமார் ஒரு வருஷமாக நடக்கிறதா. அதுதான் அளவுகோல். லீவு நாளில் ஆறு மணி நேரம் விளையாடிவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிற பையன் இதில் வர மாட்டான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இன்னும் எச்சரிக்கையாக, மேலும் ஆராய வேண்டிய நிலை என்ற பகுதியில்தான் இதைச் சேர்த்தது. சாதாரணப் பிள்ளைகளுக்கும் நோய்ப் பெயர் ஒட்டிவிடுமோ என்று பயந்து உலக சுகாதார நிறுவனத்தின் முடிவை எதிர்த்து எழுதிய ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தட்டு பறக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது. அதுவும் நியாயம்தான்.

சரி, மாத்திரைக்கு வருவோம். யூடியூப் டாக்டர் பொய் சொல்லவில்லை. 2010இல் தென்கொரியாவில் அப்படி ஓர் ஆய்வு வந்தது. ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டில் மூழ்கிப்போன 11 பேருக்கு ஆறு வாரம் புப்ரோபியான் கொடுத்தார்கள். விளையாட்டின் காட்சிகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, மருந்துக்கு முன் சூடேறிய பகுதி பின்னால் அடங்கியிருந்தது. ஏக்கமும் விளையாடும் நேரமும் குறைந்தன. படிக்க ஆசையாக இருக்கும். ஆனால் 11 பேர். அவர்களில் யாருக்கும் மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை.

அதற்கு முன்பே 2009இல் அதே நாட்டில் 62 பிள்ளைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுத்துப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் ஏடிஎச்டி இருந்தது. கவனம் நிற்காமல், உடம்பும் மனசும் ஓர் இடத்தில் தரிக்காமல் அலையும் நிலை. எட்டு வாரத்தில் இணையத்தில் செலவழித்த நேரம் குறைந்தது. யாருக்குக் கவனம் கூடியதோ அவர்களிடம்தான் அது கூடுதலாகக் குறைந்தது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம் இது. மாத்திரை கேமைத் தொடவில்லை. கவனத்தைத் தொட்டது. கேம் தானாகப் பிடி தளர்ந்தது. (இந்த மருந்து நம் ஊரில் ஷெட்யூல் எக்ஸ். தனி லைசென்ஸ், பூட்டிய அலமாரி, இரண்டு பிரதி மருந்துச் சீட்டு. என்னைப் போன்ற சின்னக் கடைகளில் வைத்திருக்க மாட்டோம்.)

மாத்திரை தொடுவது கேமை அல்ல, அடியில் இருக்கும் கோளாறைத்தான் என்பது என் கருத்து. அதற்கு ஒத்துவரவில்லை என்பதற்காக இன்னொரு ஆய்வை வக்கீல் மாதிரி மறைக்கக் கூடாது. 2012இல் மனச்சோர்வும் கேமும் சேர்ந்திருந்த 50 ஆண்களில் ஒரு பாதிக்குப் புப்ரோபியான், மறு பாதிக்குப் போலி மாத்திரை. இரு தரப்புக்கும் இணையப் பழக்கம் பற்றிய வகுப்பும் உண்டு. எட்டு வாரத்தில் மருந்து எடுத்தவர்களிடம் இரண்டுமே கூடுதலாகக் குறைந்தன. மருந்தை நிறுத்தி நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் மனச்சோர்வு திரும்பிக்கொண்டிருந்தது, விளையாடும் நேரம் திரும்பவில்லை. கேம் முழுக்க முழுக்க மனச்சோர்வின் நிழல்தான் என்றால் அதுவும் கூடவே திரும்பியிருக்க வேண்டும். ஆகவே புப்ரோபியானுக்குக் கேமின் மேலேயே ஏதோ ஒரு பிடி இருக்கலாம். இருக்கலாம் என்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறது. கேமிங் கோளாறுக்கு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு மாத்திரைக்கும் அனுமதி கொடுத்ததில்லை.

எனக்குப் பிடித்த ஆய்வு சின்னது, பழையது. 2008இல் அமெரிக்காவில் இணையத்தை விட முடியாமல் தவித்த 19 பேருக்கு எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் தெரிந்தே பத்து வாரம் கொடுத்தபோது இணைய நேரம் நன்றாகக் குறைந்தது. அப்புறம் யாருக்கு எது என்று தெரியாமல் ஒரு தரப்புக்கு மருந்தையும் இன்னொரு தரப்புக்கு வெறும் மாத்திரையையும் ஒன்பது வாரம் கொடுத்தார்கள். இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. யாரோ ஒருவர் அவ்வப்போது 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டதே பாதி மருந்தாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

பேசிப் பேசி மனதைச் சரிசெய்யும் சிகிச்சையில் கிடைத்திருக்கும் சாட்சி இதைவிட உறுதியானது. ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் 143 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வந்தது. 15 குழு அமர்வு, கூடவே தனியாக எட்டு அமர்வு வரை. சிகிச்சை எடுத்தவர்களில் 69 சதவீதம் பேர் மீண்டார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 24 சதவீதம். காத்திருந்தவர்களிலும் நாலில் ஒருவர் தானாகவே மீண்டார் என்பதையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஷட் என்று ஒரு கிளினிக் நடக்கிறது. ஆனால் தஞ்சாவூரிலிருந்து பதினைந்து வாரம் பெங்களூருக்கு எந்த லாரி டிரைவர் பையனைக் கூட்டிப்போவார்? மாத்திரை கேட்டு வருகிறவர்களை நான் குறை சொல்லாததற்கு இதுதான் காரணம். மாத்திரை என் கடைவரை வந்துவிட்டது. பேசி வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இன்னும் வரவில்லை.

மூளையில் ஆசையையும் ஊக்கத்தையும் கிளப்பும் ரசாயனமான டோப்பமின் என்ற சொல் இப்போது டீக்கடை வரை வந்துவிட்டது. 1998இல் லண்டனில் எட்டு ஆண்களை டாங்கி ஓட்டும் கேம் விளையாட வைத்து மூளையைப் பார்த்ததில் டோப்பமின் சுரப்பது தெரிந்தது. உடனே நம் ஆட்கள் 'டோப்பமினைக் குறைக்க மாத்திரை போட்டால் முடிந்தது' என்கிறார்கள். எனக்கு ஒரு பெரியவரின் ஞாபகம் வரும். பார்க்கின்சன் நோய். டோப்பமின் வேலையைச் செய்கிற பிராமிபெக்சோல் எடுத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாதவர், ஃபோனில் ரம்மி ஆட ஆரம்பித்துப் பென்ஷன் பணத்தை விட்டுவிட்டார். அந்த மருந்தால் இப்படி ஆகலாம் என்று அதன் குறிப்புத் தாளிலேயே இருக்கிறது, படிப்பவர்தான் யாருமில்லை. நான்தான் அவர் மகளிடம் சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன். அளவை மாற்றிய பிறகு அடங்கியது. ஒரு மாத்திரை மனிதனை இப்படிப் புரட்டிப் போடும் என்று கண்ணால் பார்த்தவள், வளரும் பிள்ளையின் மூளையில் திருகாணியைத் திருப்புவதை லேசாகப் பேச முடியாது.

இவ்வளவு பேசும் நான் ஒரு நாள் செய்யப் பார்த்ததையும் சொல்ல வேண்டும்.

என் அக்கா திருச்சியில் இருக்கிறாள். அவள் பையன் 2020இல் ஒன்பதாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்புக்காக ஃபோன் வாங்கிக் கொடுத்தார்கள். முதலில் பப்ஜி. செப்டம்பரில் அரசாங்கம் அதைத் தடை செய்தபோது அக்கா ஸ்ரீரங்கம் கோயிலில் போய் நெய் விளக்கு ஏற்றினாள். இரண்டே நாளில் ஃப்ரீ ஃபயர். 2022 பிப்ரவரியில் அதற்கும் தடை வந்தது. அவன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்கு மாறிக்கொண்டான். பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபோது விடியற்காலை நாலு மணிக்குத் தூங்குவான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தலை வைத்துப் படுத்துவிடுவான். ஒரு நாள் அத்தான் ஃபோனைச் சுவரில் அடித்து உடைத்தார். பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டான்.

அக்கா அன்றைக்கு எனக்கு ஃபோன் செய்தாள். "உன் கடையில தூக்க மாத்திரை இருக்குமில்ல? கால் மாத்திரை பால்ல கரைச்சுக் குடுத்துடறேன்டி. புள்ள ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்."

நான் அல்பிரசோலாம் பெட்டியை எடுத்து ஓர் அட்டையிலிருந்து நாலு மாத்திரையை வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு திருச்சி பஸ் ஏறினேன். மற்றவர்களுக்கு இருபது வருஷமாக முடியாது என்று சொன்னவள். துவாக்குடி தாண்டும்போது பையைத் திறந்து பார்த்தேன். இதை இன்று கொடுத்தால் நாளைக்கும் கேட்பாள், நாளை மறுநாள் அவன் பால் டம்ளரைத் தொடும்போதெல்லாம் நான் என்ன செய்வேன் என்று தோன்றியது. கொடுக்கவில்லை. திரும்பி வந்து பெட்டியிலேயே வைத்தேன். வெட்டிய அந்த அட்டை ரொம்ப நாள் அங்கேயே கிடந்தது.

அதற்குப் பதில் அவனை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். கீழ்ப்பாக்கம் என்று சொல்லிச் சிரிப்பார்களே என்று அத்தான் கடைசிவரை தயங்கினார். அந்த டாக்டர் முதல் அரைமணி நேரம் கேமைப் பற்றி மட்டும்தான் அவனிடம் பேசினார், அதுவும் திட்டாமல். எந்த ரேங்க்கில் இருக்கிறாய், ஸ்குவாடில் யார் யார், நீ இல்லாத அன்று அவர்கள் என்ன செய்வார்கள். பல மாதத்துக்குப் பிறகு அவன் முழு வாக்கியமாகப் பேசுவதை நான் அன்றுதான் கேட்டேன். அப்புறம் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம், "சின்ன வயசு ரேங்க் கார்டு இருக்கா?" என்றார்.

அக்கா எதையும் தூக்கிப் போட மாட்டாள். அடுத்த முறை டிரங்குப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வந்தாள். இரண்டாம் வகுப்பு: 'பாதி எழுதிவிட்டு எழுந்துவிடுகிறான்.' மூன்றாம் வகுப்பு: 'பென்சில் பாக்ஸ் நான்காவது முறை தொலைந்தது.' ஐந்தாம் வகுப்பு: 'புத்திசாலி, ஆனால் கவனம் இல்லை. பெற்றோர் வந்து பார்க்கவும்.' சிவப்பு மையில், வேறு வேறு டீச்சர்களின் கையெழுத்தில், ஒரே விஷயம். கேம் வருவதற்கு ஏழெட்டு வருஷம் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் யாரும் படிக்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

ஏடிஎச்டி என்றார். ஆட்டமாக்செட்டின் எழுதினார். நான் சண்டை போட்டேன். பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்ற எச்சரிக்கை அந்த மருந்தின் குறிப்புத் தாளிலேயே இருக்கிறது, அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் தாளைத் தள்ளி வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். "உண்மைதான்மா. அதனாலதான் குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கிறேன், வாராவாரம் பார்க்கிறேன். இது கேமுக்கு மருந்து இல்ல. இவனால ஒரு பக்கத்தை முழுசாப் படிக்க முடியறதில்ல. உட்கார்ந்தா ஜெயிக்க முடியும்னு அவனுக்குத் தெரிஞ்ச ஒரே இடம் அந்த ஃபோன்." பிறகு பையனை உள்ளே கூப்பிட்டு, மாத்திரை எதற்கு, என்ன செய்யும், என்ன தொந்தரவு வரும், வேண்டாம் என்றால் அவனே சொல்லலாம் என்று எல்லாவற்றையும் அவனிடமே சொன்னார். நான் பால் டம்ளரை நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் குமட்டல். இட்லி சாப்பிட்ட பிறகு போட்டால் தாங்கியது. மூன்றாம் வாரம் ஒன்றும் தெரியவில்லை. "பணம்தான் போகுது" என்றார் அத்தான். ஆறாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் அக்கா ஃபோன் செய்து, "ஃபிசிக்ஸ் ரெக்கார்டு முழுசா எழுதிட்டான்டி, நடுவுல எந்திரிக்கவே இல்ல" என்றாள். அன்று ராத்திரியும் மூன்று மணி வரை விளையாடினான். அதையும் சொல்ல வேண்டும். மாத்திரை ஒரு நோட்டை முடிக்க வைத்தது, ஃபோனைக் கீழே வைக்க வைக்கவில்லை. அதற்கு ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் பன்னிரண்டு முறை போக வேண்டியிருந்தது. வீட்டில் எல்லோருடைய ஃபோனும் பத்து மணிக்கு ஹாலில் சார்ஜரில். முதலில் மீறியவர் அத்தான்தான், நியூஸ் பார்க்கிறேன் என்று. ஸ்குவாடில் இருந்த ஒரு பையன் உறையூர்தான் என்று தெரிந்து இரண்டு பேரும் நேரில் சந்தித்தார்கள். கொள்ளிடக் கரையில் கிரிக்கெட் ஆட ஆரம்பித்தார்கள். இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒன்றரை வருஷம் கழித்து டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை இப்போதும் விளையாடுகிறான். சித்தி, ஒரே ஒரு மேட்ச் என்பான். இரண்டு மேட்ச் ஆடுவான்.

ஆகவே யாராவது என்னிடம் கேட்டால் இப்படித்தான் சொல்கிறேன். கேமுக்கென்று மாத்திரை வேண்டாம், இன்றைக்கு இருக்கும் சாட்சி அதற்குப் போதாது. ஆனால் கேமைத் தூக்கினால் அடியில் மனச்சோர்வோ, பதற்றமோ, ஏடிஎச்டியோ இருந்தால் அதற்கு மருந்து எடுக்கக் கூச்சப்படவே கூடாது. அதை மறுப்பது பட்டினி போடுவதற்குச் சமம். எந்த மாத்திரையாக இருந்தாலும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டேன். சீனாவில் பெற்றோரே கொண்டுபோய்ச் சேர்த்த முகாமில் பிள்ளைகளுக்குக் கரண்ட் வைத்தார்கள். 2009இல் அரசாங்கமே தலையிட்டு அந்த ஷாக் சிகிச்சையை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெற்றோரும் அன்பில்தான் கூட்டிப்போயிருப்பார்கள்.

லாரிக்காரரிடம் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. வியாதியாக இருக்கலாம், திமிர் இல்லை, அடிக்காதீர்கள் என்றேன். அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416க்கு ஃபோன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள் என்று அவர் கொண்டுவந்த காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓபி எப்போது என்றும் எழுதினேன். வாங்கிக்கொண்டு போனார். போவார் என்று நான் நம்பவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் வந்தார். கூடவே பையன், உயரமாக, தலை குனிந்தபடி, கடைக்கு வெளியே நின்றுகொண்டான். அவர் ஓபி சீட்டை நீட்டி, "இதுல இருக்கறதைக் குடும்மா" என்றார். வாங்கிப் பார்த்தேன். மருந்து எழுதும் இடத்தில் எதுவும் இல்லை. கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி.

"மாத்திரை எழுதலண்ணே. ராத்திரி எப்பத் தூங்கறான், எப்ப எந்திரிக்கிறான்னு தினமும் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஃபோன் ஹால்ல இருக்கணுமாம். அப்புறம் வர்ற செவ்வாய்க்கிழமை மறுபடி வரணும், அம்மாவும் அப்பாவும்."

"அப்பாவுமா?"

"ஆமாண்ணே. அதுக்குக் கீழ கோடு போட்டிருக்காங்க."

சீட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். அவரால் படிக்க முடியாது, ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செவ்வாக்கெழம நாக்பூர் லோடு இருக்கும்மா" என்றார். வெளியே நின்ற பையன் இப்போது தலையை நிமிர்த்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஃபோனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, ரிங் போகும்போது கடையைவிட்டு இறங்கி, பையன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பேசினார்.